வண்டிக் காப்பீட்டில் இளைஞர்களுக்கு நியாயம் கேட்பது எப்படி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்காய் சீசன் தொடங்கிய வாரத்தில் என் தங்கை மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தான். கார் ஷோரூமில் கொடுத்த விலைப்பட்டியல் அது. காப்பீடு என்ற வரிக்கு நேரே 48,700 ரூபாய் என்று இருந்தது. அந்தத் தொகையை நீல மையால் மூன்று முறை வட்டமிட்டிருந்தான். பேனா அழுந்திய தடம் தாளின் மறுபக்கம்வரை தெரிந்தது.

அவனுக்கு 23 வயது. மூன்று ஆண்டுகளாக மீனாட்சிபுரத்தில் ஒருவரிடம் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். விடியற்காலையில் இளநீர் ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி, சீசனில் முதலமடை மாங்காயோடு வாளையார் தாண்டிக் கோவை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கொஞ்சம் கடன் வாங்கி, குடும்பத்துக்கென்று 1,197 சி.சி. கார் ஒன்றை வாங்கப் போயிருந்தான்.

"மாமா, மூன்று வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன். அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?" என்று கேட்டான். ஷோரூமில் அவனுக்குக் கிடைத்த பதில் இதுதான்: முதல் வண்டி, சின்ன வயது, அதனால் இவ்வளவு வரும்.

சித்தூர் தாலுகாவில் பல ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுக்கிறேன். ஆந்திராவின் சித்தூர் அல்ல, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். இதே கேள்வியோடு வந்த இளைஞர்கள் பலர். எல்லோரும் கோபத்தோடு வருகிறார்கள். ஆனால் யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல், "இன்சூரன்ஸ்காரர்கள் கொள்ளை அடிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். பிரீமியம் என்பது ஒரே தொகை அல்ல. விலைப்பட்டியலில் அது ஐந்தாறு வரிகளாகப் பிரிந்து எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியையும் தீர்மானிப்பவர் வேறு. எந்த வரி யார் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த வரிக்கான கோரிக்கையை அவரிடமே கொண்டுபோனால்தான் வழி பிறக்கும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. எதிர்ப்பைக் காட்டுகிறேன் என்று காப்பீடு இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம்வரை சிறைக்கும் இடமுண்டு. அபராதம்கூடப் பெரிதல்ல. விபத்தில் ஓர் உயிர் போய்விட்டால் நட்டஈடு முழுவதும் வண்டி உரிமையாளரின் தலையில் விழும். வீட்டை விற்றாலும் தீராது.

முதல் படி: தாளை வரி வரியாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, பாலிசியிலோ விலைப்பட்டியலிலோ இருக்கும் ஒவ்வொரு தொகையையும் தனி வரியாக எழுதுங்கள். அவசரப்படாதீர்கள், இந்தப் படியில் செலவிடும் ஒரு மணி நேரம் பின்னால் பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் நபர் காப்பீடு: தேர்ட் பார்ட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதன் விகிதத்தை எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி ஏற்ற முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்து அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பின்படி தனியார் காருக்கு ஆண்டுக்கு 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். அதன்பின் புதிய அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரியில் ஓட்டுபவரின் வயதுக்கு இடமே இல்லை. 20 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் ஒரே தொகைதான். ஆகவே "சின்ன வயது, தேர்ட் பார்ட்டி கூடுதல்" என்று யாராவது சொன்னால் அது தவறு. அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

புது வண்டிக்கு மட்டும் வேறு கணக்கு. காருக்கு மூன்று ஆண்டு, இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இது, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் வேர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு. அடிபட்டவர்களுக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருக்கிறது, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,197 சி.சி. காருக்கு ஓராண்டு 3,416 என்றால் மூன்று ஆண்டுக்கு 10,248. அறிவிக்கப்பட்ட மூன்றாண்டுத் தொகையோ 10,640. பணத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டும் 392 ரூபாய் கூடுதல். 150 சி.சி. வரையிலான பைக்குக்கு ஆண்டுக்கு 714, ஐந்து ஆண்டுக்கு 3,570 வர வேண்டும், அறிவிப்பில் 3,851. முதல் வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் இந்தச் சுமை அவர்கள்மீதே அதிகம் விழுகிறது. இடையில் விகிதம் உயர்ந்தால் உங்களைப் பாதிக்காது, அதற்கான விலை இது என்று மறுபக்கம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்தக் கணக்கை வெளியிடுங்கள் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வரி இன்னும் கனமானது. அதே 1,197 சி.சி. காரை டாக்சியாகப் பதிவுசெய்தால் அடிப்படை 7,940 ரூபாய், அதோடு ஒரு பயணிக்கு 978 ரூபாய். நான்கு பயணிகளுக்கு 11,852 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

சொந்தச் சேதம்: உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி. 2007 முதல் இதன் விலையை நிறுவனங்களே வைக்கின்றன. வயது, தொழில் என்று பார்த்துத் தள்ளுபடி கூட்டிக் குறைப்பதற்கு இடம் இருப்பது இங்கேதான். பேரம் பேசவும் இடம் இருக்கிறது.

நோ கிளெய்ம் போனஸ்: ஓராண்டு கிளெய்ம் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பகுதியில் 20 சதவீதம் குறையும். அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். என் மருமகனின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. இந்தச் சலுகை உரிமையாளருக்கு உரியது, ஓட்டியவருக்கு அல்ல. அவன் மூன்று ஆண்டு கீறல் விழாமல் ஓட்டியதன் பலன் பிக்கப் முதலாளியின் கணக்கில் ஏறிவிட்டது. சொந்த வண்டி வாங்கிய நாளில் அவன் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறான். எனக்கு மிகப் பெரிய அநியாயமாகத் தெரிவது இதுதான்.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது), எஞ்சின் பாதுகாப்பு, சாவி தொலைந்தால் இழப்பீடு போன்ற கூடுதல் இணைப்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சரக்கு வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகக் குறைந்துவிட்டது. உங்கள் பிக்கப்புக்கு அதன்பின் போட்ட பாலிசியில் எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்.

இரண்டாம் படி: உங்கள் சொந்தத் தாளை முதலில் சரிசெய்யுங்கள்

ஊருக்காகப் போராடுகிறவர் தன் பாலிசியிலேயே ஏமாந்திருந்தால் பேச்சு எடுபடாது. அதோடு, இங்கே கிடைக்கும் சிறு வெற்றி மற்றவர்களைச் சேர்க்க உதவும்.

ஷோரூமில்தான் காப்பீடு போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. டீலர்கள் குறிப்பிட்ட நிறுவனத்தை வாங்கும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. "வெளியில் போட்டால் டெலிவரி தாமதமாகும்" என்பது கட்டாயப்படுத்துவதன் இன்னொரு வடிவம். வேறு இரண்டு நிறுவனங்களின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பேசும்போது ஐ.டி.வி. என்று குறிக்கப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பு எல்லாப் பட்டியலிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறைத்துவிட்டால் பிரீமியம் மலிவாகத் தெரியும், வண்டி திருட்டுப் போகும்போதுதான் நட்டம் புரியும்.

விபத்துக் காப்பீட்டு வரியைக் கவனியுங்கள். உங்கள் பெயரில் பைக் இருந்து அதில் இந்தப் பாதுகாப்பு நடப்பில் இருந்தால், காருக்கு மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒன்று போதும் என்ற விதி 2019 ஜனவரியிலிருந்து இருக்கிறது. இதை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

பதிவு மண்டலத்தையும் பாருங்கள். பழைய கட்டண முறையிலிருந்து வந்த பிரிவுப்படி சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், அங்கே விலை கூடுதல். பாலக்காடும் பொள்ளாச்சியும் கோவையும் பி மண்டலத்தில் வருகின்றன. வண்டி எந்த ஊரில் பதிவாகிறது என்பதுதான் கணக்கு, ஷோரூமின் தலைமை அலுவலகம் எங்கே என்பது அல்ல.

அப்பா பெயரில் வண்டியை எடுத்துவிட்டால் மலிவு என்று பலர் செய்கிறார்கள். செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவரும் அந்த வண்டியை ஓட்டலாம் என்பது சரிதான். ஆனால் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு மகனுக்குக் கிடைக்காது, நோ கிளெய்ம் போனஸும் அப்பா பெயரில்தான் வளரும். பத்து ஆண்டு கழித்தும் மகன் பூஜ்யத்தில்தான் நிற்பான்.

என் மருமகன் தாளில் ஐந்து கூடுதல் இணைப்புகள் இருந்தன. பம்பர் டு பம்பர் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கை எடுத்தோம். பைக்கில் இருந்த விபத்துக் காப்பீட்டைக் காட்டி அந்த வரியை அடித்தோம். அதே ஐ.டி.வி.யில் வேறு நிறுவனத்தில் 33,150 ரூபாய்க்கு முடிந்தது. 48,700இல் 15,550 ரூபாய்க்கும் அவன் வயதுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

மூன்றாம் படி: ஆதாரம் சேருங்கள்

ஒருவரின் கதை புலம்பலாகவே கேட்கும். நாற்பது பாலிசிகளை ஒரே அட்டவணையில் வைத்தால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். ஸ்டாண்டில், பணிமனையில், சுமை ஏற்றக் காத்திருக்கும் இடத்தில் இளம் ஓட்டுநர்களிடம் பாலிசி நகல் கேளுங்கள். பிறந்த ஆண்டு, உரிமம் பெற்ற ஆண்டு, வண்டி, சி.சி., பதிவான ஊர், ஐ.டி.வி., ஒவ்வொரு வரியின் தொகை, விற்றவர் டீலரா ஏஜெண்டா இணையதளமா என்று பத்தி பிரித்து எழுதுங்கள். பாலிசி எண், தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் யாருடைய தாளையும் வெளியே காட்டாதீர்கள்.

வயதால் விலை மாறுகிறதா என்று நிறுவ ஒரு நேர்மையான வழி இருக்கிறது. அப்பாவும் மகனும் அவரவர் உண்மையான விவரங்களைக் கொடுத்து, அதே மாடல், அதே பின்கோடு, அதே ஐ.டி.வி.க்கு, அதே நாளில் ஒரே நிறுவனத்திடம் விலை கேட்பது. இரண்டு திரைகளையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பொய்யான பிறந்த தேதி போட்டுப் பார்க்காதீர்கள். அது ஆதாரத்தையும் கெடுக்கும், தவறி அப்படியே பாலிசி எடுத்துவிட்டால் கிளெய்மையும் கெடுக்கும்.

மறுக்கப்பட்டவர்களின் கணக்கைத் தனியாக எழுதுங்கள். பழைய வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் கேட்டால் "முடியாது, எல்லாம் சேர்த்துத்தான்" என்று திருப்பி அனுப்புவது எல்லைப்புறத்தில் நான் அடிக்கடி கேட்கும் குறை. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 32டி பிரிவு, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மூன்றாம் நபர் காப்பீட்டில் குறைந்தபட்ச அளவு வணிகம் செய்தே ஆக வேண்டும் என்கிறது. எந்தக் கிளை, எந்தத் தேதி, என்ன பதில் என்பதைக் குறித்துவையுங்கள்.

இளம் பிக்கப் ஓட்டுநர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள். இலகு ரக உரிமம்தான் இருக்கிறது, போக்குவரத்து வண்டிக்கான தனி அனுமதி இல்லை என்று சொல்லி யாருடைய கிளெய்மையாவது தள்ளியிருக்கிறார்களா? 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 7,500 கிலோவுக்குக் குறைவான மொத்த எடையுள்ள போக்குவரத்து வண்டிகளை இலகு ரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது.

நான்காம் படி: கோரிக்கையைக் கூர்மையாக்குங்கள்

"பிரீமியத்தைக் குறை" என்று எழுதினால் எந்த மேசையிலும் நிற்காது. என் அனுபவத்தில் நான்கு கோரிக்கைகளுக்கு மேல் வைத்தால் நான்கும் போய்விடும்.

முதல் கோரிக்கை, கூலிக்கு ஓட்டிய காலத்துக்கு மதிப்பு. முதலாளியின் சான்றும் கிளெய்ம் இல்லாத பாலிசி நகல்களும் காட்டினால், ஓட்டுநர் சொந்த வண்டி வாங்கும்போது அதற்கேற்ற தள்ளுபடியோடு தொடங்க வேண்டும். இதைச் சாத்தியமில்லாத ஆசை என்று யாராவது சொன்னால் கலிபோர்னியாவைக் காட்டுங்கள். 1988 நவம்பரில் அங்கே மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103ஆவது முன்மொழிவு, கார்க் காப்பீட்டின் விலையை முதலில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவையும், அடுத்து ஆண்டுக்கு ஓட்டும் தூரத்தையும், மூன்றாவதாக ஓட்டிய அனுபவ ஆண்டுகளையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்று விதித்தது. விலையை ஏற்றுமுன் அரசின் அனுமதி வேண்டும் என்றும் ஆக்கியது. அந்த மூன்றாவது அளவுகோல் இளைஞருக்குப் பாதகம்தான். ஆனாலும் அது முதல் இடத்தில் இல்லை, பதிவுதான் முதலில் நிற்கிறது.

இரண்டாவது, வயதைக் காரணம் காட்டி விலை கூட்டினால் அதை எழுத்தில், தொகையோடு சொல்ல வேண்டும். பிறப்பால் வந்த ஒன்றைக் கொண்டு விலை வைப்பது நியாயமா என்ற கேள்வி மற்ற நாடுகளிலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று தீர்ப்பளித்ததால், 2012 டிசம்பர் 21 முதல் ஒன்றிய நாடுகளில் ஆண், பெண் என்று பார்த்துக் காப்பீட்டு விலை வைக்க முடியாமல் போனது. வயதுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் நாம் தடை கேட்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லக் கேட்கிறோம்.

மூன்றாவது, நீண்டகால மூன்றாம் நபர் காப்பீட்டின் தொகை ஓராண்டுத் தொகையின் மடங்கைத் தாண்டக் கூடாது. நான்காவது, சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றுக்கு 18 சதவீத வரி வேண்டாம். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரி நீங்கியது, சரக்கு வண்டிக்குக் குறைந்தது. கார், பைக், டாக்சி ஓட்டுகிறவர் மட்டும் ஏன் மிச்சம் என்று கேட்கலாம்.

எதிர்வாதத்துக்குத் தயாராக இருங்கள். இளைஞர்கள்தான் அதிகம் விபத்தில் சிக்குகிறார்கள் என்பார்கள். மறைக்க வேண்டாம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள் என்று அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. அது இறந்தவர்களின் கணக்கு, தவறு செய்தவர்களின் கணக்கு அல்ல. அப்படியே தவறும் அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், கவனமாக ஓட்டும் இளைஞரை மற்றவரிடமிருந்து பிரித்துப் பாருங்கள் என்ற நம் கோரிக்கைக்கு அது வலுவூட்டுகிறது. ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் கருவி வைத்து அளந்து விலை வைக்க 2022 ஜூலையிலேயே ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது.

ஐந்தாம் படி: எந்தக் கடிதம் எந்த மேசைக்கு

தேர்ட் பார்ட்டி விகிதம் பற்றியது டெல்லியில் உள்ள சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் போக வேண்டும். சொந்தச் சேத விலை, போனஸ், டீலரின் கட்டாயம் ஆகியவை ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு. ஜி.எஸ்.டி. பற்றியது மாநில நிதியமைச்சருக்கு, ஏனென்றால் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் அவர் உறுப்பினர். அவரிடம் போக உங்கள் சட்டமன்ற உறுப்பினர் வழி. நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கேள்வியை எழுதியே கொடுங்கள்: கூலிக்கு ஓட்டியவரின் விபத்தில்லாப் பதிவை அங்கீகரிக்கும் திட்டம் அரசிடம் உண்டா? சுருக்கமான கேள்வியை அவர் அவையில் வைக்க வாய்ப்பு அதிகம்.

மொழி பற்றிக் கேரள எல்லையில் வாழும் நம் தமிழ் ஆட்களுக்கு இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். மலையாளம் பேசுவோம், எழுத வராது, ஆங்கிலமும் வராது, அதனால் மனுவே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு, குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநிலத் தலைமை அலுவலகங்களோடும், சிறுபான்மை மொழிப் பகுதிகளில் உள்ள அலுவலகங்களோடும் தம் மொழியில் எழுத வழி செய்திருக்கிறது. தமிழில் எழுதுங்கள். வேலை வேகமாக நடக்க வேண்டுமானால் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கத்தை இணையுங்கள், அது உங்கள் வசதிக்காக மட்டும்.

தகவல் உரிமை மனுவுக்கு விதி வேறு. ஆங்கிலம், இந்தி அல்லது மனு கொடுக்கும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுத வேண்டும், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆணையத்திடமும் அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கிடமும் கேட்கலாம். விலை வைக்கும் சூத்திரத்தைக் கேட்டால் வணிக ரகசியம் என்று மறுக்க இடமுண்டு. புகார்களின் எண்ணிக்கை, டீலர்கள்மீது எடுத்த நடவடிக்கை என்று எண்ணிக்கைகளைக் கேளுங்கள்.

ஆறாம் படி: தனிப்பட்ட புகாரை இறுதிவரை கொண்டுபோங்கள்

கொள்கை மாற நாளாகும். அதுவரை தவறாகப் பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயையும் திரும்பக் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, எழுதியதற்கு எண் வாங்குங்கள். இரண்டு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதியுங்கள். 155255 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம்.

ஒரு மாதம் கடந்தும் தீரவில்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டிய அல்லது கட்ட வேண்டிய பிரீமியம் பற்றிய தகராறு அவருடைய அதிகாரத்துக்குள் வரும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கேரளத்துக்கு அவர் அலுவலகம் எர்ணாகுளத்திலும், தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும், ஆந்திராவுக்கு ஹைதராபாத்திலும் இருக்கிறது.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி. புகார்தாரர் வசிக்கும் இடத்தையும் வைத்துப் போகலாம், நிறுவனத்தின் கிளை இருக்கும் இடத்தையும் வைத்துப் போகலாம். வேலந்தாவளத்தில் குடியிருந்து கோவைக் கிளையில் பாலிசி எடுத்தவர் எர்ணாகுளத்தையோ சென்னையையோ தேர்ந்தெடுக்கலாம். தமிழில் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரமாக இருந்தால் நான் சென்னையைச் சொல்வேன். ஆந்திராவின் நகரியிலும் புத்தூரிலும் இருக்கும் தமிழர்களுக்கும் இதே வழி: சென்னைக் கிளையில் எடுத்த பாலிசி என்றால் ஹைதராபாத்வரை போக வேண்டியதில்லை.

டீலரின் நடத்தைதான் குறை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து, நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே மனுவாகப் போடவும் 35ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. உங்கள் நாற்பது பாலிசி அட்டவணை அங்கே பேசும்.

ஏழாம் படி: ஊரைச் சேருங்கள், வரைவுக்குத் தயாராக இருங்கள்

ஓட்டுநர் சங்கம் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் கையெழுத்துக் கேளுங்கள். இளைஞர்களின் பிரச்சினை என்று தனியே நிற்காமல், வண்டி முதலாளிகளையும் அம்மாக்களையும் சேருங்கள், கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் அவர்கள்தானே. கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பஞ்சாயத்துக்குக் காப்பீட்டில் அதிகாரம் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் தாலுகாவில் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் குளிர்பான ஆலையின் வாயிலில் போராட அமர்ந்தவர்கள் தமிழ் பேசும் ஆதிவாசிப் பெண்கள். அவர்களில் முன்னின்ற மயிலம்மா எழுத்தறிந்தவர்களைவிடத் தெளிவாகப் பேசினார். அடுத்த ஆண்டு பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஏறிய தீர்மானத்துக்கு எடை உண்டு என்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, நாள்காட்டியில் குறிக்க வேண்டியது ஒன்று. மூன்றாம் நபர் விகிதத்தை மாற்றும்போது அமைச்சகம் முதலில் வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்கும். 2022இல் வரைவு மார்ச் 4 அன்று வந்தது, இறுதி அறிவிப்பு மே 25 அன்று. நடுவில் கிடைத்த சில வாரங்களில் எழுதியவர்களின் குரல்தான் கோப்பில் ஏறியது. நம் பக்கத்திலிருந்து யாராவது எழுதினார்களா என்று அன்று நான் விசாரித்தபோது ஒருவரும் கிடைக்கவில்லை. இப்போதே கடிதத்தை எழுதி, அட்டவணையை இணைத்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அமைச்சகத்தின் தளத்தைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பை என் மருமகன் எடுத்துக்கொண்டான். வட்டமிட்ட அந்தத் தாள் அட்டவணைக் கோப்பின் முதல் பக்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மீனாட்சிபுரம் ஸ்டாண்டில் அவன் கோப்போடு நிற்பான். பாலிசி நகலோடு வாருங்கள்.